செயலி சில போன்களில் ஓடுகிறது, சிலவற்றில் முடங்குகிறது: எந்தப் பிராசசருக்காக உருவாக்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். பழைய புத்தகக் கடைகளுக்கான இருப்புப் பட்டியல் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கி வருகிறேன். பின்னட்டையில் உள்ள பார்கோடைக் கேமரா வழியாகப் படித்து நூலைப் பதிவு செய்வது அதன் முதல் வேலை. பட்டியலில் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடுவது இரண்டாவது வேலை. திரைகள் அனைத்தும் கோட்லினில் எழுதப்பட்டவை. பார்கோடு படிப்பதற்கு ஒரு நிறுவனத்திடம் உரிமம் பெற்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். அதற்குள் ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட நேட்டிவ் கோப்புகள் (பிராசசரின் கட்டளைகளாகவே இருப்பவை) ஆர்மியாபி-வி7ஏ, எக்ஸ்86 என்ற இரண்டு அடைவுகளில் உள்ளன. மூலநிரலை அவர்கள் தருவதில்லை. தேடல் பகுதியை, வேகம் கருதி, சி++ மொழியில் நானே எழுதியிருக்கிறேன்.

லேப்டாப்பில் உள்ள ஆண்ட்ராய்டு 10 எமுலேட்டரில், அதாவது எக்ஸ்86 சிஸ்டம் இமேஜில், இரண்டு வேலைகளும் குறையின்றி நடக்கின்றன. விலை மலிவான ஒரு பழைய போனில் பார்கோடு படிக்கிறது, ஆனால் தமிழ்த் தேடல் வெற்றுப் பட்டியலையே தருகிறது. ஆங்கில நூல்களின் பெயர்கள் மட்டும் கிடைக்கின்றன. புதிய போன்களிலோ பார்கோடு திரையைத் திறந்த உடனே செயலி முடங்கிவிடுகிறது. லாக்கேட் என்ற பிழைப்பதிவில் அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எர்ரர் என்றும் எஸ்ஓ கோப்பு, அதாவது அந்த நேட்டிவ் கோப்பு, கிடைக்கவில்லை என்றும் வருகிறது. நிறுவல் கோப்பான ஏபிகேயைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கோப்பு உள்ளேதான் இருக்கிறது.

எந்தெந்தக் கட்டமைப்புகளுக்கான நேட்டிவ் கோப்புகளைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் ஏபிஐ ஃபில்டர்ஸ் (abiFilters) அமைப்பில் ஆர்மியாபி-வி7ஏ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு நண்பர் ஒருவர் சொன்னார். அவ்வாறு செய்ததும் புதிய போன்களிலும் பார்கோடு படிக்கத் தொடங்கியது. ஆனால் ஒரு கடைக்காரரின் பிக்ஸல் 7 போனில் செயலி நிறுவப்படவே மறுக்கிறது. பிளே ஸ்டோருக்குச் செயலியை ஏற்றும் தளமான பிளே கன்சோலும் 64-பிட் கோப்புகள் இல்லை என்று சொல்லி ஏற்க மறுக்கிறது.

ஸ்னாப்டிராகன், மீடியாடெக், எக்ஸினாஸ் என ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனியாகச் செயலியை உருவாக்க வேண்டுமா? கண்ணெதிரே இருக்கும் கோப்பு ஏன் இல்லை என்று சொல்லப்படுகிறது? தேடல் சிக்கலுக்கும் பிராசசருக்கும் தொடர்பு இருக்கிறதா, அல்லது அது வேறு கதையா?

---

முதல்பிட் எழுதியது:

வணக்கம். முதல் கேள்விக்கான விடை எளிது: வேண்டாம். ஸ்னாப்டிராகன், மீடியாடெக்கின் டைமென்சிட்டி, எக்ஸினாஸ், கூகுளின் டென்சர் ஆகிய அனைத்தும் ஆர்ம் நிறுவனத்தின் கட்டளைத் தொகுதியையே இயக்குகின்றன. கிராஃபிக்ஸ் நிரல் எழுதுபவர்களுக்கு அட்ரீனோ, மாலி என்ற கிராஃபிக்ஸ் சில்லுகளின் வேறுபாடு தலைவலி தரும்; உங்களுக்கு அது பொருட்டல்ல. கோட்லினில் எழுதிய பகுதியும் பிராசசரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் அதை அந்தந்தப் போனின் இயக்கநேர அமைப்பே தனக்கேற்ற கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது. சிக்கல் முழுவதும் நேட்டிவ் கோப்புகளைச் சார்ந்தது.

ஏபிகேயின் உள்ளே லிப் என்ற அடைவு இருக்கும். அதற்குள் கட்டமைப்பு ஒன்றுக்கு ஓர் அடைவு இருக்கும்: 32-பிட் ஆர்முக்கு ஆர்மியாபி-வி7ஏ, 64-பிட் ஆர்முக்கு ஆர்ம்64-வி8ஏ, இன்டெல் வகைக்கு எக்ஸ்86, எக்ஸ்86_64. செயலியை நிறுவும் நேரத்தில் ஆண்ட்ராய்டு தன்னால் இயக்க முடிந்த கட்டமைப்புகளின் பட்டியலை முன்னுரிமை வரிசையில் எடுத்துக்கொண்டு, முதலாவதற்கு உங்கள் ஏபிகேயில் அடைவு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், அதற்குள் ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது என்றாலும், அந்தக் கட்டமைப்பையே செயலி முழுவதற்கும் நிர்ணயித்துவிடுகிறது. அதன்பின் மற்ற அடைவுகளை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை.

உங்களுக்கு நடந்தது இதுதான். உங்கள் தேடல் பகுதியை ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, வேறு எதுவும் சொல்லப்படாததால், எல்லாக் கட்டமைப்புகளுக்கும் கம்பைல் செய்து வைத்தது. ஆகவே ஆர்ம்64-வி8ஏ அடைவு உருவானது. புதிய போன் அந்த அடைவைக் கண்டு செயலியை 64-பிட் என்று முடிவு செய்தது. பார்கோடு லைப்ரரியோ அந்த அடைவில் இல்லை. பக்கத்து அடைவில் இருக்கும் 32-பிட் கோப்பை 64-பிட் புராசஸ் ஒன்றுக்குள் ஏற்றவும் இயலாது. எனவேதான் கோப்பு ஏபிகேயில் இருந்தும் கிடைக்கவில்லை என்ற செய்தி வருகிறது. எந்தப் போனிலும் இதைச் சரிபார்க்க, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபி ஷெல்லில் கெட்பிராப் கட்டளையைக் கொடுத்து ஆர்ஓ.பிராடக்ட்.சிபியு.ஏபிஐலிஸ்ட் (ro.product.cpu.abilist) என்ற பண்பைப் படியுங்கள். இரு வகையையும் ஏற்கும் போனில் ஆர்ம்64-வி8ஏ முதலிலும் ஆர்மியாபி-வி7ஏ அடுத்தும் வரும்.

நண்பர் சொன்ன வழி, 64-பிட் அடைவையே அகற்றிவிட்டு, 32-பிட் முறையில் ஓடும்படி போனைக் கட்டாயப்படுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு அது போதுமானதாக இருந்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல் பிளே ஸ்டோர், நேட்டிவ் நிரல் உள்ள செயலிகளுக்கு 64-பிட் வடிவமும் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2021 ஆகஸ்ட் முதல் 64-பிட் வடிவம் இல்லாத செயலிகளை 64-பிட் போன்களுக்குக் காட்டுவதையே நிறுத்தியது. 2022இல் வந்த பிக்ஸல் 7, 32-பிட் செயலிகளை ஏற்காத முதல் ஆண்ட்ராய்டு போன். கடைக்காரரின் போன் பழுதடையவில்லை. இனி வரும் போன்கள் எப்படி இருக்கும் என்பதையே அது உங்களுக்கு முன்கூட்டிச் சொல்கிறது.

ஆகவே லைப்ரரியை விற்றவர்களிடம் ஆர்ம்64-வி8ஏ வடிவத்தைக் கேளுங்கள். அவர்கள் தரவில்லை என்றால் அந்த லைப்ரரியைக் கைவிடுவதே நல்லது. புத்தகப் பார்கோடு வெறும் 13 இலக்கம். அதைப் படிப்பதற்கு முழுக்க ஜாவாவில் எழுதப்பட்ட, கட்டற்ற இசட்எக்ஸிங் போதும். அதில் நேட்டிவ் கோப்பே இல்லாததால் இந்த வம்பு எதுவும் இல்லை. 32-பிட் லைப்ரரியைத் தனியொரு துணைச் செயலியில் வைத்து அதனுடன் பேசுவது என்ற குறுக்குவழியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். பிக்ஸல் 7இல் அந்தத் துணைச் செயலியும் நிறுவப்படாது என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

தேடல் சிக்கலைப் பற்றி, அந்தப் பகுதியின் நிரலைப் பார்க்காமல் எதுவும் சொல்ல இயலாது. எழுத்துகளை எவ்வாறு பிரித்தறிகிறீர்கள் என்பதை மட்டுமாவது இங்கே விவரியுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

விளக்கத்துக்கு மிக்க நன்றி. ஏபிஐலிஸ்ட்டைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன வரிசையே வருகிறது. ஆனால் பழைய போனில் ஆர்மியாபி-வி7ஏ, ஆர்மியாபி ஆகியவை மட்டுமே உள்ளன. அதன் பிராசசர் 64-பிட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதால் இது எனக்குப் புரியவில்லை.

தேடல் பகுதி இவ்வாறு இயங்குகிறது. நூற்பெயர் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒரு சார் (char) வரிசையாக வருகிறது. ஒவ்வொரு பைட்டாக எடுத்து, அதன் மதிப்பு சுழியத்துக்குக் கீழே இருந்தால் அது தமிழ் எழுத்தின் தொடக்கம் என்று கொண்டு, அடுத்த இரண்டு பைட்டுகளையும் சேர்த்துத் தமிழ் அட்டவணைக்கு அனுப்புகிறேன். மற்றவை அனைத்தும் ஆங்கில அட்டவணைக்குச் செல்கின்றன. தேடலுக்கான சுட்டெண் கோப்பை ஒரு போனில் தயாரித்து, அதையே கடையின் மற்ற போன்களுக்கும் நகலெடுப்பது வழக்கம்.

---

நுண்மணல் எழுதியது:

வைகைக்கரை அவர்களே, உங்கள் தேடல் சிக்கலும் பிராசசரைச் சார்ந்ததுதான், ஆனால் அடைவுகளோடு அதற்குத் தொடர்பில்லை.

சி, சி++ மொழிகளில் சார் என்ற வகை குறியுள்ளதா குறியற்றதா என்பதை மொழித்தரம் வரையறுக்கவில்லை. அது ஒவ்வொரு தளத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. எக்ஸ்86 தளத்தில் அது குறியுள்ளது, அதாவது -128 முதல் 127 வரை. ஆண்ட்ராய்டின் ஆர்ம் தளங்களில், 32-பிட்டானாலும் 64-பிட்டானாலும், அது குறியற்றது, அதாவது 0 முதல் 255 வரை.

இப்போது அகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுடிஎஃப்-8இல் அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. தமிழ் ஒருங்குறித் தொகுதியில் உள்ள எழுத்துகள் அனைத்துக்கும் முதல் பைட் 224தான். இரண்டாவது பைட் 174 அல்லது 175. உங்கள் எமுலேட்டரில் இந்த 224 என்பது -32 என்று படிக்கப்படுகிறது; சுழியத்துக்குக் கீழே இருப்பதால் தமிழ் அட்டவணைக்குச் செல்கிறது. போனில் அதே பைட் 224 ஆகவே நிற்கிறது. அது ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே போகாது. எனவே ஒவ்வொரு தமிழ் எழுத்தும் துண்டு துண்டாக ஆங்கில அட்டவணைக்குச் சென்று அங்கே எதனோடும் பொருந்தாமல் போகிறது. ஆங்கில எழுத்துகளின் மதிப்பு 127ஐத் தாண்டாததால் அவை இரு தளங்களிலும் ஒரேபோல நடந்துகொள்கின்றன. ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களின் கண்ணுக்கு இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் படாமலே இருக்கும். நமக்கு முதல் எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது.

பைட்டுகளைக் கையாளும் இடங்களில் எல்லாம் குறியற்ற 8-பிட் வகையை வெளிப்படையாக அறிவித்து, மதிப்பு 128 அல்லது அதற்கு மேலா என்று சோதியுங்கள். கம்பைலருக்கு ஒரு விருப்பத்தைக் கொடுத்து எல்லாத் தளங்களிலும் சாரைக் குறியுள்ளதாக ஆக்கிவிடவும் முடியும், ஆனால் நாளை வேறொருவர் இந்த நிரலைத் தன் திட்டத்தில் எடுத்து வைக்கும்போது அந்த விருப்பம் கூடவே போகாது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐபோனில் சோதித்துவிட்டு ஆர்மில் சரியாக ஓடுகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. ஆப்பிள் தன் ஆர்ம் தளங்களில் சாரைக் குறியுள்ளதாகவே வைத்திருக்கிறது. அந்தச் சோதனை ஆண்ட்ராய்டுக்குச் சான்றாகாது.

சுட்டெண் கோப்பைப் போனுக்குப் போன் நகலெடுப்பதாகச் சொன்னது எனக்கு இன்னும் கவலை தருகிறது. அதில் லாங் வகை எண்களை அப்படியே எழுதுகிறீர்கள் என்றால், 32-பிட்டில் அது 4 பைட், 64-பிட்டில் 8 பைட். இதுவரை நீங்கள் எல்லாப் போன்களையும் 32-பிட்டில் ஓட்டியதால் இது தலைகாட்டவில்லை. 64-பிட் வடிவம் வந்த நாளிலிருந்து ஒரு போனில் எழுதிய கோப்பை மற்றொன்று தவறாகப் படிக்கும், அதுவும் எந்த எச்சரிக்கையும் இன்றி. அளவு நிர்ணயிக்கப்பட்ட 32-பிட், 64-பிட் முழு எண் வகைகளையே கோப்பில் எழுதுங்கள். கோட்லினையும் சி++ஐயும் இணைக்கும் ஜேஎன்ஐ வழியாகச் சி++ பொருளின் முகவரியைக் கோட்லினுக்கு அனுப்பும் இடத்திலும் இதே கண்ணோட்டம் வேண்டும்: அங்கே இன்ட் வகையில் வைத்தால் 64-பிட் முகவரியின் மேற்பாதி வெட்டப்பட்டுவிடும், கோட்லின் பக்கத்தில் லாங், சி++ பக்கத்தில் ஜேலாங் என்று வைப்பதே முறை.

---

பனந்தோப்பு எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்பது என் கருத்து. 32-பிட்டை முற்றிலும் விட்டுவிட்டு ஆர்ம்64-வி8ஏ ஒன்றை மட்டும் வெளியிடலாமே? ஆப்பிள் 2013இல் ஐபோன் 5எஸ் மூலம் 64-பிட்டுக்கு மாறி, 2017இல் ஐஓஎஸ் 11இல் 32-பிட் செயலிகளை முழுவதுமாக நிறுத்தியது. அதன்பின் அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆண்ட்ராய்டும் 2014இல் 5.0 பதிப்பிலேயே 64-பிட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. சோதிக்க வேண்டிய வடிவங்கள் குறைந்தால் பிழைகளும் குறையும்.

---

முதல்பிட் எழுதியது:

பனந்தோப்பு அவர்களே, பெரிய நகரத்து வாடிக்கையாளர்களுக்கு என்றால் உங்களோடு உடன்படுவேன். ஆனால் கேட்டவர் கையில் இருக்கும் பழைய போனே உங்களுக்கு மறுப்பாக நிற்கிறது. பிராசசர் 64-பிட்டாக இருந்தாலும், நினைவகம் குறைவாக உள்ள மலிவான போன்களில், குறிப்பாக ஆண்ட்ராய்டு கோ வகைகளில், தயாரிப்பாளர்கள் 32-பிட் ஆண்ட்ராய்டையே பதித்து விற்பது உண்டு. 64-பிட்டில் ஒவ்வொரு முகவரியும் இருமடங்கு இடம் பிடிப்பதும், இரு வகையான இயக்கமுறைமை லைப்ரரிகளையும் வைத்திருக்க வேண்டியிருப்பதும் அதற்குக் காரணம். ஆகவே பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் ஏபிஐலிஸ்ட்டைத்தான் நம்ப வேண்டும். பழைய புத்தகக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் போன் எந்த வகையாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், 32-பிட் வடிவத்தை இப்போதே கைவிட எனக்கு மனம் வரவில்லை. ஆப்பிளுக்குப் போன், பிராசசர், இயக்கமுறைமை மூன்றும் ஒரே கையில் இருந்ததால் ஒரே நாளில் கதவை மூட முடிந்தது.

இரண்டையும் சேர்த்தால் பதிவிறக்கம் பெரிதாகுமே என்ற தயக்கம் வேண்டாம். ஆப் பண்டில் வடிவில் ஏற்றினால், பிளே ஸ்டோர் அந்தந்தப் போனுக்கு உரிய அடைவை மட்டுமே பிரித்து அனுப்பும்.

எக்ஸ்86ஐப் பொறுத்தவரை, வெளியீட்டில் அதற்கு இனி அதிக மதிப்பில்லை. 2015இல் வந்த ஆசஸ் சென்ஃபோன் 2 போன்ற இன்டெல் போன்கள் ஒரு காலத்தில் இருந்தன. 2016இல் இன்டெல் தன் போன் பிராசசர் திட்டங்களைக் கைவிட்டது. குரோம்புக் வைத்திருப்பவர்களுக்காக எக்ஸ்86_64 வடிவத்தை வேண்டுமானால் சேர்க்கலாம். இல்லையேல் உங்கள் சோதனைக்கு மட்டும் போதும்.

---

மேகமலை எழுதியது:

தாமதமாக இந்த உரையாடலில் சேருகிறேன். 64-பிட் வடிவத்தை உருவாக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வேகத்துக்காகக் கம்பைலருக்கு ஆர்ம்வி8.2 போன்ற உயர்ந்த இலக்கைக் கொடுக்க வேண்டாம். ஆர்ம்64-வி8ஏ என்ற பெயர் வாக்களிப்பது ஆர்ம்வி8.0 அளவிலான கட்டளைகளை மட்டுமே. மலிவான போன்களில் பெருவாரியாக உள்ள கார்டெக்ஸ்-ஏ53 என்ற ஆர்ம் கோர் அந்த அளவைச் சேர்ந்தது. அதற்குத் தெரியாத கட்டளை வந்தால் செயலி சிக்இல் என்ற சமிக்ஞையோடு உடனே கொல்லப்படும். புதிய கட்டளைகளைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால், இயங்கும் நேரத்தில் போனிடம் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பதிலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதற்குக் கோ (Go) என்ற நிரல் மொழியின் அனுபவம் சாட்சி. கேலக்ஸி எஸ்9 வரிசையில் வந்த எக்ஸினாஸ் 9810இல் பெரிய கோர்கள் ஒரு தலைமுறையும் சிறிய கோர்கள் இன்னொரு தலைமுறையுமாக இருந்தன. புதிய அணுநிலைக் கட்டளைகளை (இடையில் வேறு கோர் குறுக்கிடாமல் ஒரே செயலாக முடிபவை) சிறிய கோர்கள் மட்டுமே அறிந்திருந்த நிலையில், கெர்னலோ அந்த வசதி உண்டு என்று பொதுவாக அறிவித்தது. நிரல் சிறிய கோரில் இருக்கும் வரை ஓடும், பெரிய கோருக்கு மாற்றப்பட்ட கணத்தில் முடங்கும். இறுதியில் கோ மொழிக் குழுவினர் ஆண்ட்ராய்டில் அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டார்கள்.

மற்றொன்று நினைவகப் பக்கத்தின் அளவு. நெடுங்காலமாக ஆண்ட்ராய்டு 4 கேபி பக்கங்களைக் கொண்டே இயங்கியது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பக்கங்களையும் ஏற்கிறது. ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பை இலக்காகக் கொள்ளும் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 64-பிட் சாதனங்களில் இதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று பிளே ஸ்டோர் 2025 நவம்பர் 1 முதல் கேட்கிறது. உங்கள் சொந்தப் பகுதியை, நேட்டிவ் நிரலுக்கான கருவித் தொகுப்பான என்டிகேயின் ஆர்28 பதிப்பில் கம்பைல் செய்தால் அது தானாகவே 16 கேபிக்கு ஒழுங்குபடுத்தப்படும். ஆனால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் கோப்பு அவ்வாறு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்ம்64-வி8ஏ வேண்டும் என்று எழுதும் அதே மடலிலேயே 16 கேபி ஒழுங்கும் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இல்லையேல் அதற்காக மறுபடியும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

எமுலேட்டரைப் பற்றியும் ஒரு சொல். ஆண்ட்ராய்டு 11 முதல் எக்ஸ்86 சிஸ்டம் இமேஜ்கள் ஆர்ம் கோப்புகளை மொழிபெயர்த்து ஓட்டுகின்றன. அங்கே ஓடுவதால் உண்மையான போனிலும் ஓடும் என்று கொள்ள வேண்டாம். திரை அமைப்பைச் சரிபார்க்க எமுலேட்டர் போதும், நேட்டிவ் நிரலுக்குக் கையில் பிடித்த போனே சான்று. குறிப்பாக ஒன்றுக்கு மேற்பட்ட இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள்) ஒரே தரவைத் தொடும் இடங்களில், எக்ஸ்86 நினைவக எழுத்துகளைப் பெரும்பாலும் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குக் காட்டும், ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. சுட்டெண் தயாராகிவிட்டது என்பதைச் சாதாரண பூல் மாறி ஒன்றால் அறிவிக்கிறீர்கள் என்றால், அதை அணுநிலை வகைக்கு மாற்றிவிடுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பைட் வகையை மாற்றியதும் தமிழ்த் தேடல் எல்லாப் போன்களிலும் வேலை செய்கிறது. சுட்டெண் கோப்பில் லாங் இருந்தது உண்மை. 32-பிட் முழு எண்ணாக மாற்றிக் கோப்பின் தலைப்பில் பதிப்பெண்ணையும் சேர்த்துவிட்டேன். பார்கோடு லைப்ரரியின் 64-பிட் வடிவத்துக்குத் தனிக் கட்டணம் என்று அந்த நிறுவனம் பதில் எழுதியது. ஆகவே இசட்எக்ஸிங்குக்கு மாறிவிட்டேன். மங்கலான வெளிச்சத்தில் அது சற்று மெதுவாகப் படிக்கிறது, ஆனால் பிக்ஸல் 7 உட்பட எல்லாவற்றிலும் படிக்கிறது.

இனி எஞ்சியிருக்கும் நேட்டிவ் கோப்பு என்னுடையது மட்டுமே. அது 16 கேபிக்கு ஒழுங்காக உள்ளதா என்பதைப் பிளே கன்சோலில் ஏற்றாமலே அறிய வழி உண்டா?

---

மேகமலை எழுதியது:

உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் ஏபிகே அனலைசரில் உங்கள் ஏபிகேயைத் திறந்தால், ஒழுங்கில்லாத எஸ்ஓ கோப்புகளுக்கு எதிரே எச்சரிக்கை காட்டும். கட்டளை வரியில் பார்க்க விரும்பினால், என்டிகேயுடன் வரும் எல்எல்விஎம்-ஆப்ஜ்டம்ப் கருவியால் அந்தக் கோப்பின் தலைப்புகளை அச்சிட்டு, லோட் என்று தொடங்கும் வரிகளின் இறுதியைப் பாருங்கள்: 2**14 என்றோ அதற்கு மேலோ இருந்தால் சரி, 2**12 என்று இருந்தால் பழைய 4 கேபி ஒழுங்கு. ஏபிகேயை உருவாக்கும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.5.1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். கோப்பு சரியாக இருந்தும் ஏபிகேக்குள் அது வைக்கப்படும் இடம் தவறிவிடாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆர்மியாபி-வி7ஏ அடைவில் உள்ள கோப்புக்கு இந்தச் சோதனை தேவையில்லை.